ஏணியிலிருந்து விழுந்தவர் ஆஸ்பத்திரியில் சொல்லும் முதல் வார்த்தை

இராமேஸ்வரத்தில் ஒரு விடுதிக்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தவர் ஏணி சறுக்கி விழுந்தார். ஏணிக் காலுக்கு அடியில் ஒரு கோணிச்சாக்குகூட இல்லை, டைல்ஸ் தரை. இடுப்பெலும்பு போய்விட்டது. ஆட்டோவில் மேஸ்திரி காதோடு சொன்னார்: "வீட்டுல விழுந்தேன்னு சொல்லிருண்ணே, இல்லேன்னா போலீஸ் கேஸாயிரும்." அவரும் அப்படியே சொன்னார். விபத்துப் பதிவேட்டில் அதுதான் ஏறியது. இழப்பீடு கேட்டுப் போன இடத்திலெல்லாம் அந்த ஒரு வரியைத்தான் நீட்டினார்கள்.

உப்புக்காற்று இரும்பையும் பூச்சையும் தின்னும் இந்தக் கரையில், கீழக்கரையிலும் தொண்டியிலும் ஏணி வேலை ஓயாது. அதனால் சொல்கிறேன்: எந்தக் கட்டடத்தில், யார் வேலையில் விழுந்தோம் என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். அந்த விபத்துப் பதிவேட்டின் (ஏ.ஆர்.) காப்பியைக் கேட்டு வாங்குங்கள். தப்பாக எழுதியிருந்தால் அன்றைக்கே காவல் நிலையத்தில் உண்மையை எழுதிக் கொடுத்து ரசீது வாங்குங்கள்.

"வாரிய அட்டை இருக்கா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்புவார்கள். கட்டுமானத் தொழிலாளர் நல வாரிய உதவி வேறு, முதலாளி தர வேண்டிய இழப்பீடு வேறு. இழப்பீட்டுக்கு அட்டை தேவையில்லை. தினக்கூலிக்கும் உண்டு. இழப்பீடு தரச் சொல்லும் 1923ஆம் ஆண்டுச் சட்டம் இப்போது சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் போய்விட்டது, அடிப்படை அதேதான்.

அட்டை இருந்தால் காலாவதி தேதியை இன்றே பாருங்கள். ஆதாரில் பழைய செல் நம்பர் இருந்தால் ஓடிபி வராது, புதுப்பிப்பு அங்கேயே நின்றுவிடும்.

முதலாளி மேஸ்திரியைக் காட்டுவார், மேஸ்திரி முதலாளியைக் காட்டுவார். தொழிலாளர் துறையில் கொடுக்கும் இழப்பீட்டு மனுவில் இருவர் பெயரையும் போடுங்கள். கூலியை நோட்டில் எழுதி வையுங்கள், ஜிபேயில் வந்த பணத்தை அழிக்காதீர்கள்.

பத்தாயிரம் கொடுத்து, "இனி எந்தக் கோரிக்கையும் இல்லை" என்று கையெழுத்துக் கேட்பார்கள். 40 வயது, மாதக் கூலி 12,000, சம்பாதிக்கும் திறனில் 30 சதவீதம் நிரந்தர இழப்பு என்றால் கணக்கு ஏறக்குறைய 3,97,800 ரூபாய் வரும். உரிமையை விட்டுக்கொடுக்கும் அந்தத் தாள் சட்டப்படி செல்லாது. ஏற்கனவே போட்டுவிட்டீர்களா, சரி, பயப்படாமல் மனுப் போடுங்கள். ஆள் இறந்துபோனால், முதலாளி இழப்பீட்டை அந்த மனுவை விசாரிக்கும் அதிகாரியிடம்தான் கட்ட வேண்டும். வீட்டில் வந்து திணிக்கும் கவர் இழப்பீடு ஆகாது.

மனுப் போடக் கெடு 2 ஆண்டு. "பேசிக்கிட்டிருக்கோம்" என்று அதை ஓட்டிவிடுவார்கள். மனு கொடுத்த அன்றே நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அலுவலகப் படி இறங்காதீர்கள்.