சர்வீஸ் சென்டருக்குப் போனதும் அடங்கிவிடும் சத்தம்

"கார் வாங்கி ஆறு மாதம்தான் ஆகிறது. காலையில் வெளியே எடுத்துத் தெருமுனையில் பிரேக் மிதித்தால் ‘கிரீச்’ என்கிறது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால் சத்தமே வருவதில்லை. ‘ஒன்றும் இல்லை சார்’ என்று கழுவிக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். வாரண்டி முடியட்டும் என்று இழுத்தடிக்கிறார்களா?" வாசகர் ஒருவரின் கேள்வி இது.

இழுத்தடிப்பவர்களும் இருக்கலாம். ஆனால் இந்தக் குறிப்பிட்ட சத்தத்தில் மெக்கானிக் உண்மையைத்தான் சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன்.

வண்டியில் புதுச் சத்தம் கேட்டால் முதலில் பார்க்க வேண்டியது, வேகம் கூடும்போது அதன் சுருதியும் கூடுகிறதா என்பதைத்தான். 185/65 ஆர்15 அளவு டயரின் சுற்றளவு சுமார் 1.95 மீட்டர். 60 கி.மீ. வேகத்தில் அது நொடிக்கு எட்டரைச் சுற்று சுற்றும். டயர் பட்டனில் கல் சிக்கியிருந்தால் அதே கணக்கில் ‘டிக் டிக்’ வரும். வீல் பேரிங் போயிருந்தால் வேகத்தோடு ஏறி இறங்கும் ஒரு முனகல். என்ஜின் சத்தமா என்று பார்க்க, வண்டியை நிறுத்தி நியூட்ரலில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும். இவையெல்லாம் சுலபம்.

‘கிரீச்’ கதை வேறு. தெருமுனையில் பிரேக் மிதிக்கும்போது வேகம் 10 கி.மீ. இருக்கலாம். சக்கரம் நொடிக்கு ஒன்றரைச் சுற்றுகூட இல்லை. சத்தம் 2,000 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 2,000 அதிர்வு என்று வைத்துக்கொள்வோம். வகுத்துப் பாருங்கள்: சக்கரம் ஒருமுறை சுற்றுவதற்குள் ஏறக்குறைய 1,400 அதிர்வுகள். அங்கே 1,400 பல் உள்ள பாகம் எதுவும் கிடையாது. அதோடு, வண்டி 10லிருந்து 3 கி.மீ.க்கு இறங்கும்போது சுருதி கிட்டத்தட்ட அப்படியே நிற்கிறது. அப்படியானால் இந்தச் சுருதியை முடிவு செய்வது சக்கரத்தின் சுழற்சி அல்ல.

பிறகு எது? நின்ற நிலையில் ஒட்டிக்கொண்டிருக்கும் இரு பரப்புகளுக்கு இடையிலான உராய்வு, வழுக்கத் தொடங்கிய பின் இருப்பதைவிட அதிகம் என்று பள்ளியில் படித்திருப்போம். வயலின் பிழைப்பது அதை வைத்துத்தான். வில் தந்தியைப் பிடித்து இழுக்கிறது. ஓரளவுக்கு மேல் பிடி தாங்காமல் தந்தி நழுவித் திரும்புகிறது. உடனே மறுபடி ஒட்டிக்கொள்கிறது. 440 ஹெர்ட்ஸ் ஸ்வரம் என்றால் இது நொடிக்கு 440 முறை. வில்லை வேகமாக இழுத்தாலும் மெதுவாக இழுத்தாலும் சுருதி மாறாது. எப்போது நழுவுவது என்பதைத் தந்தியின் நீளமும் இறுக்கமும் எடையும் தீர்மானிக்கின்றன. வில்லின் வேலை சக்தி கொடுப்பது மட்டும்.

பிரேக் மிதித்தால், சக்கரத்தோடு சுற்றும் வார்ப்பிரும்புத் தட்டான டிஸ்க்கை இரு பக்கமும் பேட் என்ற உராய்வுக் கட்டைகள் அழுத்திப் பிடிக்கின்றன. இங்கே பேட்தான் வில், டிஸ்க்தான் தந்தி. பேட் உரசும்போது போகும் சக்தியில் மிகச் சிறிய பங்கு டிஸ்க்கின் இயல்பான அதிர்வுக்குத் தீனியாகிறது. டிஸ்க்கின் விளிம்பில் ஒரு பகுதி உள்ளே வளைய, பக்கத்துப் பகுதி வெளியே வளைகிறது. வளைவு சில மைக்ரான்தான், கண்ணுக்குத் தெரியாது. ஆனால் அகலமான தட்டு என்பதால் காற்றை நன்றாகத் தள்ளும். தெருவே திரும்பிப் பார்க்கும். சென்னைக்காரர்கள் புதுப்பேட்டையில் பழைய டிஸ்க் ஒன்றை வாங்கிக் கயிற்றில் தொங்கவிட்டுச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள், மணி அடிப்பதுபோலக் கேட்கும். (ஒட்டுவதும் நழுவுவதும் மட்டுமே முழு விளக்கம் ஆகாது. டிஸ்க்கின் ஓர் அதிர்வும் பேட்டின் ஓர் அதிர்வும் சுருதியில் நெருங்கி வந்தால், உராய்வு அளவு மாறாமலே இரண்டும் கைகோத்து வளர்ந்துவிடும். 1930களிலிருந்து ஆராய்கிறார்கள், இன்னும் முடிந்தபாடில்லை.)

இப்போது காலை நேரத்துக்கு வருவோம். இரவு ஈரத்தில் டிஸ்க்கின் மேல் மெல்லிய துரு படிகிறது. பேட்டும் ஈரம் குடிக்கிறது. உராய்வு எகிறி, அதிர்வு பிடித்துக்கொள்கிறது. நாலைந்து முறை பிரேக் பிடித்ததும் துரு வழிக்கப்படுகிறது, ஈரம் காய்கிறது, சத்தம் போய்விடுகிறது. நீங்கள் பத்து மணிக்குச் சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சேரும்போது மெக்கானிக்கின் கையில் கிடைப்பது சூடான, காய்ந்த, சுத்தமான டிஸ்க்.

டெலிவரி அன்று சக்கரத்துக்கு ஒரு எலுமிச்சம்பழம் நசுக்கியதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. சத்தம் வந்ததும் "யார் கண் பட்டதோ" என்று பூசணிக்காய் வாங்க ஓடுவதுதான் வேண்டாத செலவு. இன்னொரு குறையும் உண்டு. இந்தச் சத்தத்தால் பிரேக் பிடிப்பது பொதுவாகக் குறைவதில்லை, ஆனால் வாரண்டிக் கணக்கில் கம்பெனிகளுக்குப் பணம் போகிறது. அதனால் ஆராய்ச்சியும் கம்பெனிச் சுவருக்குள்ளேயே நிறைய நடக்கிறது. ஒரு டிஸ்க், ஒரு மைக், ஒரு சுத்தியல் இருந்தால் நம் பொறியியல் கல்லூரி மாணவர்களும் இதில் உருப்படியாக ஏதாவது செய்யலாம். அதற்கு யாராவது கொஞ்சம் பணம் ஒதுக்கினால் நல்லது.

சரி, செய்ய வேண்டியது என்ன? வண்டியை முந்தின நாள் சாயங்காலமே விட்டுவிடுங்கள். இரவு வெளியில் நிற்கட்டும். காலையில் முதல் ஓட்டத்தை மெக்கானிக்கே ஓட்டட்டும், நீங்கள் பக்கத்தில் உட்காருங்கள். அதற்கு முன் வீட்டிலேயே, ஸ்பீடோமீட்டர் தெரியும்படி வீடியோ எடுங்கள். ஜெர்மனியின் ஆஹன் பல்கலைக்கழகத்தில் உருவான ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி சத்தத்தின் அதிர்வெண்ணையே காட்டிவிடும். இடது முன்சக்கரம்தான் என்று அடித்துச் சொல்லாதீர்கள். 2,000, 3,000 ஹெர்ட்ஸ் அளவில் திசை கண்டுபிடிப்பதில் மனிதக் காது ரொம்ப மோசம்.

சத்தம் கேட்டாலும் கேட்காவிட்டாலும் புகாரை ஜாப் கார்டில் (சர்வீஸ் சென்டரில் வேலைகளைக் குறித்துக்கொள்ளும் தாளில்) தேதியோடு எழுத வையுங்கள். பிரேக் பேட் தேயும் பொருள் என்பதால் பெரும்பாலான வாரண்டிகளில் அதற்கு இடமில்லை என்பார்கள். ஆனால் அதன் முதுகில் அதிர்வை உறிஞ்ச வைக்கும் ஷிம் தகடு விட்டுப்போயிருந்தாலோ, பேட்டுகளை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பர் சரியாக உட்காராமல் இருந்தாலோ அது தேய்மானம் ஆகாது, பொருத்தியதில் வந்த குறை. அங்கே விட்டுக்கொடுக்க வேண்டாம்.

அப்புறம், பிரேக் மிதிக்காதபோதும் சக்கரத்தோடு சேர்ந்து ‘கர்க் கர்க்’ என்று உரசினால் அது வேறு சங்கதி. புது வண்டியில் அப்படி வந்தால், டிஸ்க்குக்கும் அதன் பின்னால் உள்ள தூசித் தகட்டுக்கும் நடுவில் சின்னக் கல் புகுந்திருக்க வாய்ப்பு அதிகம். ரிவர்ஸில் கொஞ்ச தூரம் மெதுவாகப் போய்ப் பாருங்கள். பல சமயம் அதுவே விழுந்துவிடும்.