டிவிஷன் 3 என்பது தேர்ட் கிளாஸ் இல்லை

போன வியாழக்கிழமை இரவு பத்தரை மணிக்கு ஒரு அம்மா அழைத்தார். "அக்கா, அந்த டிவிஷன் த்ரீ கோச்சுக்கு இப்போ எழுதினா எடுத்துப்பாங்களா?"

அமெரிக்கக் கல்லூரி நீச்சல் அணி ஒன்றின் கோச்சைத்தான் கேட்கிறார். இங்கே கல்லூரி விளையாட்டு மூன்று டிவிஷனாகப் பிரிந்திருக்கிறது. அப்போது அக்டோபர் மூன்றாவது வாரம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு. 200 யார்டு பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் (மார்பு நீச்சலில்) நம்பி நிறுத்தக்கூடிய பெண். ஜூலையில் அதே கோச் தானாகவே முன்வந்து, "உன் மதிப்பெண்களை அட்மிஷன் அலுவலகத்தில் காட்டி, வாய்ப்பு எப்படி என்று கேட்டுச் சொல்கிறேன்" என்றிருந்தார். வீட்டில் வேண்டாம் என்றார்கள். ஒரு டிவிஷன் 1 கோச் "தொடர்பில் இருப்போம்" என்று மெயில் போட்டிருந்ததுதான் காரணம். நான்கு மாதம் அந்த இரண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இப்போது அந்த அணியில் இடம் நிரம்பிவிட்டது. டிவிஷன் 3 கோச்சோ அட்மிஷனில் தன் கையில் இருந்த ஆதரவை வேறொரு பெண்ணுக்குக் கொடுத்துவிட்டார்.

இந்த சீசனில் இப்படி வரும் மூன்றாவது குடும்பம் இது. மூன்றிலும் பிள்ளைகள் மேல் ஒரு குறையும் இல்லை. விடியற்காலை ஐந்து மணிக்குத் தண்ணீரில் இறங்கி, பள்ளிக்கூடம் போய், மறுபடியும் சாயங்காலம் இறங்கிய பிள்ளைகள். நியூ ஜெர்சியில் 14 வருடமாக கிளப் பிள்ளைகளுக்கு நீச்சல் பயிற்சி கொடுக்கிறேன். கல்லூரி அணிகளில் சேர்வதற்கும் வழி சொல்கிறேன். இதற்கு மேல் ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது, எழுதிவிடுகிறேன்.

முதலில், அந்தப் பெண்ணின் அப்பா ஜூலையில் என்னிடம் கேட்ட கேள்வி. "இத்தனை வருஷம் கஷ்டப்பட்டு, கடைசியில் தேர்ட் டிவிஷனா?"

நம் தலைமுறைக்கு இது எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியும். ஃபர்ஸ்ட் கிளாஸ், செகண்ட் கிளாஸ், தேர்ட் கிளாஸ் என்று மதிப்பெண் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மூன்று என்றாலே தட்டுத்தடுமாறிப் பாஸ் ஆனவன் என்றுதான் காதில் விழுகிறது. ஆனால் கல்லூரி விளையாட்டில் அந்த எண்ணுக்கு அப்படி ஒரு அர்த்தமே கிடையாது. அமெரிக்கக் கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ. 1973ல் தன் கல்லூரிகளை மூன்று பிரிவாகப் பிரித்தது. விளையாட்டுக்கு எவ்வளவு பணம் செலவழிப்பது, விளையாட்டுக்காக ஸ்காலர்ஷிப் கொடுப்பதா வேண்டாமா என்பதுதான் பிரிவினையின் அடிப்படை. டிவிஷன் 1ம் 2ம் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கொடுக்கலாம். டிவிஷன் 3 கொடுக்கக் கூடாது. கல்லூரியின் தரத்தை இந்த எண் சொல்வதே இல்லை.

டிவிஷன் 3ல் நீந்துகிற கல்லூரிகளின் பெயரைப் பாருங்கள். எம்.ஐ.டி., கால்டெக், ஜான்ஸ் ஹாப்கின்ஸ், சிகாகோ பல்கலைக்கழகம், கார்னகி மெலன், எமரி, வில்லியம்ஸ், நியூயார்க் பல்கலைக்கழகம். பொங்கல் விழாவில் யாராவது "என் பொண்ணுக்கு ஹாப்கின்ஸ் கிடைச்சிருக்கு" என்றால் மண்டபமே திரும்பிப் பார்க்கும். அதே பெண் அங்கே டிவிஷன் 3 அணியில் நீந்துகிறாள் என்றால் ஏன் முகம் சுருங்க வேண்டும்?

சரி, நீச்சல் தரமாவது குறைவா? ஒஹாயோவில் கேம்பியர் என்ற சின்ன ஊரில் கென்யன் கல்லூரி இருக்கிறது. அதன் ஆண்கள் அணி 1980 முதல் 2010 வரை தொடர்ந்து 31 முறை டிவிஷன் 3 தேசியப் பட்டம் வென்றது. எமரியில் நீந்திய ஆண்ட்ரூ வில்சன் டோக்கியோ ஒலிம்பிக்கில் அமெரிக்காவுக்காக பிரெஸ்ட்ஸ்ட்ரோக் நீந்தினார். நான்கு பேர் நீந்தும் மெட்லி ரிலேயின் தகுதிச் சுற்றில் நீந்தியதற்காகத் தங்கப் பதக்கமும் வாங்கினார். டிவிஷன் 1ன் உச்சியில் இருக்கும் அணிகள் வேகமானவை என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் டிவிஷன் 3ன் முன்னணி அணிகளில் இடம் கிடைக்காத பிள்ளைகளுக்கு டிவிஷன் 1ன் கடைசி வரிசை அணிகளில் இடம் கிடைக்கிறது. வருடா வருடம் என் கண்ணால் பார்க்கிறேன்.

அடுத்தது பணம். "டிவிஷன் ஒன்னுன்னா ஃபுல் ஸ்காலர்ஷிப்" என்று யார் கிளப்பிவிட்டார்களோ தெரியவில்லை, எல்லா வீட்டிலும் அது இருக்கிறது. நீச்சலில் அது என்றைக்குமே வழக்கமாக இருந்ததில்லை. 2025 வரை ஒரு டிவிஷன் 1 ஆண்கள் அணிக்கு மொத்தமே 9.9 ஸ்காலர்ஷிப், பெண்கள் அணிக்கு 14. டிவிஷன் 2ல் 8.1. ஒரு ஆளுக்கு இல்லை, அணி முழுவதற்கும் சேர்த்து. அந்த 9.9ஐ இருபத்தைந்து, முப்பது பேருக்குப் பங்கு பிரிப்பார்கள். ஒருவருக்கு நாற்பது சதவீதம், இன்னொருவருக்குப் புத்தகச் செலவு, பலருக்கு ஒன்றுமில்லை. நிதி குறைவான கல்லூரிகள் அந்த 9.9ஐக்கூட முழுதாகக் கொடுத்ததில்லை.

2025 ஜூனில், கல்லூரி வீரர்கள் என்.சி.ஏ.ஏ. மேல் போட்ட ஹவுஸ் வழக்கின் சமரசத்துக்கு நீதிமன்றம் ஒப்புதல் கொடுத்ததும் கணக்கே மாறிவிட்டது. அதில் சேர்ந்த டிவிஷன் 1 கல்லூரிகளுக்கு இப்போது ஸ்காலர்ஷிப் எண்ணிக்கையில் உச்சவரம்பு இல்லை. தலை எண்ணிக்கையில் உச்சவரம்பு. நீச்சலும் டைவிங்கும் சேர்த்து ஆண்கள் 30, பெண்கள் 30. "அப்போ முப்பது பேருக்கும் ஃபுல் ஸ்காலர்ஷிப்பா?" என்று உடனே ஒரு அப்பா கேட்டார். கொடுக்க அனுமதி உண்டு, கொடுக்கப் பணம் வேண்டுமே! அதே சமரசம் கல்லூரிகள் தங்கள் வீரர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்க வழி திறந்தது. முதல் ஆண்டில் ஒரு கல்லூரிக்கு 20.5 மில்லியன் டாலர் வரை. அதில் பெரும்பங்கு ஃபுட்பாலுக்கும் பாஸ்கெட்பாலுக்கும் போகிறது. நீச்சல் டிக்கெட் விற்கும் விளையாட்டு இல்லை.

அந்த 30 இடத்துக்கு உங்கள் பிள்ளையுடன் போட்டி போடுவது பக்கத்து கிளப் பிள்ளைகள் மட்டும் என்று நினைக்காதீர்கள். கல்லூரி மாற விரும்பும் வீரர்கள் பெயர் கொடுக்கும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் வரும் இருபது வயதுக்காரர்கள், வெளிநாட்டிலிருந்து வருபவர்கள், டைவர்கள் எல்லோரும் அதே முப்பதுக்குள்தான். முன்பெல்லாம் வேகம் கொஞ்சம் குறைந்த, உழைப்பாளியான பிள்ளையைக் கோச்கள் ஸ்காலர்ஷிப் இல்லாமல் அணியில் வைத்துக்கொள்வார்கள். அந்தக் கதவுதான் இப்போது வேகமாக மூடுகிறது. "தொடர்பில் இருப்போம்" என்ற வார்த்தையை நம்பி நான்கு மாதம் உட்காரக் கூடாது என்று நான் கத்துவது இதனால்தான்.

அப்படியானால் டிவிஷன் 3ல் பணத்துக்கு என்ன வழி? படிப்புக்காகத் தரும் மெரிட் உதவி, வருமானத்தைப் பார்த்துத் தரும் உதவி. சில கல்லூரிகள் இரண்டும் தரும். எம்.ஐ.டி., வில்லியம்ஸ் போன்றவையும் டிவிஷன் 1ல் இருக்கும் ஐவி லீக் கல்லூரிகளும் வருமானத்தை மட்டுமே பார்க்கும். ஆமாம், ஹார்வர்டும் பிரின்ஸ்டனும் டிவிஷன் 1தான், அங்கும் விளையாட்டு ஸ்காலர்ஷிப் கிடையாது. இதைச் சொன்னால் பாதிப் பேர் நம்புவதில்லை. அமெரிக்கக் கல்லூரிகளின் இணையதளத்தில் நெட் பிரைஸ் கால்குலேட்டர் என்று ஒன்று இருக்கும். வருமானம், சேமிப்பு எல்லாம் போட்டால் உங்கள் கையிலிருந்து ஏறக்குறைய எவ்வளவு போகும் என்று காட்டும். பத்தாம் வகுப்பிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை கணவனும் மனைவியும் உட்கார்ந்து இதைப் போட்டுப் பாருங்கள். இரண்டு பேரும் ஐ.டி.யில் இருக்கும் வீட்டில் வருமான உதவி பெரிதாக வராது. அது முன்கூட்டியே தெரிந்தால் மெரிட் தரும் கல்லூரிகளைப் பட்டியலில் சேர்க்கலாம். வந்த தொகைக்குள் நம்மால் முடியுமா என்பதைப் பிள்ளையிடம் மறைக்காமல் சொல்லுங்கள். நவம்பரில் சொல்லி அழவைக்காதீர்கள்.

பிள்ளைக்கு எந்த அணி பொருந்தும் என்று பார்ப்பது கஷ்டமே இல்லை. அந்த அணி எந்தக் கான்ஃபரன்ஸில், அதாவது கல்லூரிகளின் எந்தப் போட்டிக் குழுவில், நீந்துகிறதோ, அதன் கடைசி சாம்பியன்ஷிப் முடிவுகளை ஸ்விம்கிளவுட் என்ற நீச்சல் இணையதளத்தில் எடுங்கள். உங்கள் பிள்ளையின் ஈவென்ட்டில் முதல் 16 பேர், சில இடங்களில் 24 பேர், புள்ளி வாங்கியிருப்பார்கள். அந்தக் கடைசி ஆளின் நேரத்துக்கு உங்கள் பிள்ளை பக்கத்தில் இருந்தால் கோச் பதில் எழுதுவார். ஒப்பிடும் நேரம் யார்டில் இருக்க வேண்டும். 50 மீட்டர் குளத்தில் நீந்தியதை மாற்றிப் போட்டு அனுப்பாதீர்கள், நீந்தியதை நீந்தியபடியே அனுப்புங்கள். இன்னொன்று, என்.சி.ஏ.ஏ. சாம்பியன்ஷிப்பில் 50 பேக்ஸ்ட்ரோக், 50 பிரெஸ்ட்ஸ்ட்ரோக், 50 பட்டர்ஃபிளை தனிப் போட்டியாகக் கிடையாது. பத்து வயதில் 50 ஃபிளையில் வாங்கிய பதக்கத்தை வைத்துக் கனவு காணும் பெற்றோரே, பிள்ளையை 200 நீந்தவிடுங்கள்.

இப்போது மெயில். பிள்ளை எழுத வேண்டும். அப்பா எழுதக் கூடாது, அம்மா எழுதக் கூடாது, ஆயிரக்கணக்கில் வாங்கிக்கொண்டு ஒரே கடிதத்தை இருநூறு கோச்களுக்கு அனுப்பும் கம்பெனியும் எழுதக் கூடாது. பதினாறு வயதுப் பிள்ளையின் பெயரில் நாற்பத்தெட்டு வயது மேனேஜர் எழுதிய மெயிலைக் கோச்கள் இரண்டாவது வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்கள். அப்புறம் போனில் பிள்ளை "உம்", "ம்ஹூம்" என்று பேசும்போது முடிந்தது கதை. ஒரு கல்லூரி கோச் என்னிடம் நேராகவே கேட்டார், "பையன் சரி, நாலு வருஷமும் அப்பா எனக்குப் போன் செய்வாரா?" பெயர், பள்ளி முடிக்கும் ஆண்டு, முக்கிய ஈவென்ட்களின் நேரம், ஜி.பி.ஏ. என்ற பள்ளி மதிப்பெண் சராசரி, எடுத்திருக்கும் பாடங்கள், அந்தக் கல்லூரி ஏன் வேண்டும் என்று உண்மையான இரண்டு வரி, அடுத்து நீந்தப்போகும் மீட் எப்போது. அவ்வளவுதான்.

டிவிஷன் 1 கோச்கள் பத்தாம் வகுப்பு முடிந்து வரும் ஜூன் 15க்கு முன் பதில் போடக் கூடாது என்பது விதி. அதனால் ஒன்பதாம் வகுப்பில் எழுதிய மெயிலுக்குப் பதில் வரவில்லை என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். அதே ஆண்டு ஆகஸ்ட் 1 முதல் கல்லூரிக்குப் போய் கோச்சைப் பார்க்கலாம். டிவிஷன் 3 கோச்கள் எப்போது வேண்டுமானாலும் எழுதலாம். அவர்கள் சீக்கிரம் எழுதுவதைப் பார்த்து, "ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள்" என்று முடிவு கட்டிவிடுகிறீர்கள். விதி வேறு, அவ்வளவுதான்.

கேம்ப் அழைப்பு வந்தால் பிள்ளையைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம் இல்லை. கல்லூரி நடத்தும் கேம்ப் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்று விதியே சொல்கிறது. படிவம் நிரப்பச் சொல்லும் மெயிலும் அப்படித்தான். வாய்மொழியாகக் கொடுத்த வாக்கு இரண்டு பக்கமும் யாரையும் கட்டுப்படுத்தாது. அணியில் சேர்வதாகப் பிள்ளை கையெழுத்துப் போடும் பழைய நேஷனல் லெட்டர் ஆஃப் இன்டென்ட் 2024ல் எடுக்கப்பட்டுவிட்டது. இப்போது கல்லூரியுடன் போடும் நிதி உதவி ஒப்பந்தம்தான் கணக்கு. அது கையில் வரும்வரை மற்ற கோச்களுக்கு மரியாதையாகப் பதில் எழுதிக்கொண்டே இருக்க வேண்டும்.

டிவிஷன் 3ல் அப்படி ஒப்பந்தம் கிடையாது. அங்கே பதினோராம் வகுப்பு முடிந்த ஜூலையில் நடக்கும் ப்ரீ-ரீட் தான் உயிர்நாடி. பிள்ளையின் மதிப்பெண் பட்டியலையும் எஸ்.ஏ.டி. நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் கோச் அட்மிஷன் அலுவலகத்தில் கொடுத்து, வாய்ப்பு எப்படி என்று கேட்டுச் சொல்வார். சாதகமாக வந்தால், பிள்ளை கூச்சப்படாமல் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "நான் எர்லி டிசிஷனில் விண்ணப்பித்தால் உங்கள் ஆதரவு எனக்கு உண்டா?" எர்லி டிசிஷன் என்றால் ஒரே ஒரு கல்லூரிக்கு முன்கூட்டியே விண்ணப்பிப்பது. "விண்ணப்பம் போடு, பார்க்கலாம்" என்றால் இல்லை என்று அர்த்தம். "உண்டு" என்றால் பணக் கணக்கை முடித்துக்கொண்டு நவம்பர் 1க்குள் போடுங்கள். எர்லி டிசிஷனில் கிடைத்தால் சேர்ந்தே ஆக வேண்டும், அதனால் பணப் பேச்சு முதலில்.

தயவுசெய்து இன்னொன்றையும் யோசியுங்கள். கலிஃபோர்னியாவில் இருக்கும் கால் பாலி பல்கலைக்கழகம் 2025 மார்ச்சில் நீச்சல் அணியையே கலைத்தது. மிஷிகன் ஸ்டேட் பல்கலைக்கழகமும் 2020ல் தன் நீச்சல் அணியைக் கலைப்பதாக அறிவித்தது. அங்கே நீந்த என்று சேர்ந்த பிள்ளைகள் அணி இல்லாமல் நின்றார்கள். குளத்தை மூடிய பிறகும் உங்கள் பிள்ளை அந்த ஊரில், அந்தப் பாடத்தை, அந்தக் கட்டணத்தில் படிக்க விரும்புமா? இதைப் பிள்ளையிடம் கேளுங்கள். பதில் சொல்ல ஒரு வாரம் கொடுங்கள்.

அந்த அம்மாவுக்கு நான் சொன்ன பதில் இதுதான். எழுதலாம், இன்றைக்கே எழுதட்டும், ஆனால் அவளே எழுதட்டும். எர்லி டிசிஷனின் இரண்டாவது சுற்று ஜனவரி தொடக்கத்தில் இருக்கிறது. முதல் சுற்றில் கோச்சுக்குக் கிடைக்க வேண்டிய ஒரு பிரெஸ்ட்ஸ்ட்ரோக் பெண் வேறு இடத்துக்குப் போயிருக்கலாம். சனிக்கிழமை காலை பயிற்சி முடிந்ததும் அவள் ஈரத் தலையோடு என் பக்கத்தில் உட்கார்ந்து ஏழு கோச்களுக்கு எழுதினாள். நேரங்களை மட்டும் நான் சரிபார்த்தேன். செவ்வாய்க்கிழமைக்குள் இரண்டு பேர் பதில் போட்டார்கள். ஒருவர் அவளுடைய காலாண்டு மதிப்பெண் பட்டியலைக் கேட்டிருக்கிறார். அப்பாதான் ஸ்கேன் செய்து கொடுத்தார்.