நான்கு பேட்டரியா, ஆறு பேட்டரியா?

1991ஆம் ஆண்டில் கையடக்க கேம் கருவி வாங்க அமெரிக்கக் கடை ஒன்றுக்குள் நுழைந்தவர் முன்னால் மூன்று பெயர்கள் நின்றன: நின்டெண்டோவின் கேம் பாய், அட்டாரியின் லின்க்ஸ், சேகாவின் கேம் கியர். பின்னவை இரண்டிலும் வண்ணப் படம் ஒளிர்ந்தது. கேம் பாயில் பாசி படிந்த குளத்து நீரைப் போன்ற மஞ்சள்பச்சைத் திரை. அதில் வண்ணமே கிடையாது; வெளிர்ப்பிலிருந்து கருமை வரை நான்கு சாயல்கள் மட்டும்தான். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது தோற்கும் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லிவிடும்.

நடந்தது நேர்மாறு. கேம் பாயும் அதன் பின்வந்த கேம் பாய் கலரும் சேர்ந்து 11 கோடியே 80 லட்சத்துக்கும் மேல் விற்றன. கேம் கியர் சுமார் ஒரு கோடியோடு நின்றது. லின்க்ஸ் அதற்கும் வெகு பின்னால். விலை ஒரு காரணம்: அறிமுகத்தின்போது கேம் பாய் 90 டாலர், கேம் கியர் 150, லின்க்ஸ் 180. பெட்டியோடு சேர்ந்து வந்த டெட்ரிஸ் இன்னொரு காரணம். இரண்டையும் நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கருவிகளின் திரைக்குள் ஒளி எப்படிப் பயணம் செய்கிறது என்று பார்த்தால், போட்டியின் பெரும்பகுதி அங்கேயே தீர்ந்துவிட்டது என்பது என் எண்ணம்.

திரவப் படிகம் என்ற பொருளிலிருந்து தொடங்க வேண்டும். 1888இல் பிராகா நகரில் பணியாற்றிய தாவரவியலாளர் பிரீட்ரிக் ரைனிட்சர், கொலஸ்டெரில் பென்சோவேட் என்ற சேர்மத்தைச் சூடாக்கியபோது அது இரண்டு முறை உருகுவதைக் கண்டார். 145.5 டிகிரி செல்சியசில் கலங்கலான திரவமாயிற்று, 178.5 டிகிரியில் தெளிந்தது. இடைப்பட்ட அந்தக் கலங்கல் நிலையில் மூலக்கூறுகள் திரவம்போல் ஓடும், ஆனால் படிகம்போல் ஒரே திசை நோக்கி அணிவகுத்து நிற்கும். இந்த அணிவகுப்பை மின்னழுத்தத்தால் கலைக்கவும் சேர்க்கவும் முடியும் என்பதுதான் இன்றைய திரைகளில் பலவற்றுக்கு அடிப்படை.

ஒளி ஓர் அலை. ஒரு கயிற்றை ஜன்னல் கம்பிகளுக்கிடையே விட்டு மேலும் கீழுமாக உதறினால் அலை மறுபக்கம் போகும். பக்கவாட்டில் உதறினால் கம்பியில் முட்டி நின்றுவிடும். ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தளவிளைவுத் தாள் (polariser) ஒளிக்கு அப்படிப்பட்ட ஜன்னல். இரண்டு தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்தால் ஒளி கடக்காது. நடுவே திரவப் படிகத்தை ஊற்றி, அதன் மூலக்கூறுகளைச் சுழல் படிக்கட்டுபோல் 90 டிகிரி முறுக்கி வைத்தால், ஒளியின் அதிர்வுத் தளமும் கூடவே திரும்பி இரண்டாம் ஜன்னல் வழியே வெளியேறிவிடும். மின்னழுத்தம் கொடுத்தால் மூலக்கூறுகள் நிமிர்ந்து நிற்கும், முறுக்கு போய்விடும், ஒளி தடைபடும். நமக்கு ஒரு கரும்புள்ளி தெரியும். தளவிளைவுக் கறுப்புக் கண்ணாடி வைத்திருப்பவர்கள் அதை அணிந்து கொண்டு சாதாரணக் கால்குலேட்டரைப் பார்த்தபடியே மெல்லத் திருப்பிப் பாருங்கள். ஒரு கோணத்தில் திரை முழுவதும் இருண்டுபோகும்.

இதில் கவனிக்க வேண்டியது, திரவப் படிகம் ஒளியை உண்டாக்குவதில்லை என்பது. அது கதவைத் திறக்கிறது, மூடுகிறது, அவ்வளவே. கதவை அசைக்க மிகக் குறைந்த மின்சாரம் போதும். ஒளி வேறெங்கிருந்தோ வர வேண்டும்.

கேம் பாய் அதை அறையிலிருந்தும் வானத்திலிருந்தும் வாங்கிக்கொண்டது. திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பும் ஒரு படலம் இருந்தது. ஜன்னலோர வெயில் உள்ளே புகுந்து, படலத்தில் பட்டு, திரும்பி வந்து கண்ணைச் சேரும். வெளிச்சம் கூடக் கூடப் படம் தெளிவாகும். இருட்டில் ஒன்றும் தெரியாது. இரவில் காரின் பின்னிருக்கையில் உட்கார்ந்து, தெருவிளக்கு கடக்கும் ஒவ்வொரு நொடிக்காகவும் காத்திருந்து விளையாடியவர்கள் அந்தத் தலைமுறையில் ஏராளம்.

பச்சை நிறத்துக்கும் ஒரு கதை உண்டு. திரையில் 160க்கு 144 என 23,040 புள்ளிகள். ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி இழுக்க முடியாது. அதனால் கிடைவரிசைகளை ஒவ்வொன்றாகத் தேர்ந்து, செங்குத்துக் கம்பிகள் வழியே அந்த வரிசைக்குரிய செய்தியை அனுப்புவார்கள். ஒரு வரிசைக்குக் கிடைப்பது மொத்த நேரத்தில் 144இல் ஒரு பங்கு. கணக்குப் போட்டால், கறுக்க வேண்டிய புள்ளிக்கும் வெளுக்க வேண்டிய புள்ளிக்கும் இடையே சராசரி மின்னழுத்த வேறுபாடு அதிகபட்சம் 9 விழுக்காட்டைக்கூடத் தொடாது. 90 டிகிரி முறுக்குள்ள படிகத்துக்கு இந்தச் சிறிய வேறுபாடு போதாது. எல்லாப் புள்ளியும் அரைகுறையாகச் சாம்பல் பூத்து நிற்கும். 1980களின் தொடக்கத்தில் சுவிட்சர்லாந்தின் பாடன் நகரில், பிரவுன் பொவேரி நிறுவன ஆய்வாளர்கள் முறுக்கை 180 டிகிரிக்கு மேல், 270 டிகிரி வரை கூட்டினார்கள். அப்போது படிகம் நுனியில் நிற்கும் பம்பரம்போல ஆகிவிடுகிறது. சிறிய தட்டுதலுக்கே முழுமையாகச் சாய்கிறது. இந்த மிகைமுறுக்குத் திரையின் ஒளியியலே மஞ்சள்பச்சைச் சாயலைத் தந்தது. வேகமாக நகரும் உருவத்துக்குப் பின்னால் நிழல் இழுபட்டதும் அந்தப் படிகம் மெதுவாகத் திரும்பியதால்தான்.

இப்போது வண்ணத்துக்கு வருவோம். வண்ணத் திரையில் ஒவ்வொரு புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று துண்டாகிறது. ஒவ்வொரு துண்டின் மேலும் ஒரு வடிகட்டி. வெள்ளை ஒளியில் மூன்றில் இரண்டு பங்கை வடிகட்டி விழுங்கிவிடும். அதற்கு முன்பே முதல் தளவிளைவுத் தாள் பாதிக்கு மேல் விழுங்கியிருக்கும். துண்டுகளுக்கு இடையிலான கறுப்புச் சட்டங்கள் கொஞ்சம் பிடித்துக்கொள்ளும். கடைசியில் கண்ணுக்கு வந்து சேர்வது நூற்றுக்குச் சில பங்குதான். அறை வெளிச்சம் இந்த வழியே உள்ளே போய் மறுபடி இதே வழியே திரும்ப வேண்டுமென்றால் என்ன மிஞ்சும்? அன்றைய நுட்பத்தில் வண்ணம் வேண்டுமானால் உள்ளே விளக்கு வைத்தே தீர வேண்டும்.

கேம் கியருக்குள் இருந்தது ஒரு குட்டி டியூப்லைட். வீட்டுக் குழல்விளக்கின் அதே தத்துவம்: பாதரச ஆவியில் மின்சாரம் பாய்ந்து புறஊதாக் கதிர் பிறக்கும், உட்சுவரின் பாஸ்பர் பூச்சு அதை வெள்ளொளியாக மாற்றும். எரிய நூற்றுக்கணக்கான வோல்ட் தேவை. ஆறு பேட்டரி சேர்ந்தும் 9 வோல்ட்தான் என்பதால் அழுத்தத்தை உயர்த்தத் தனி மின்சுற்று. விளையாடும் நேரமெல்லாம் அந்த விளக்கு எரிந்தது. அதன் ஒளியில் பெரும்பகுதி திரைக்குள்ளேயே மடிந்தது.

சுவர்க்கடிகாரத்தில் போடும் ஏஏ அளவு ஆல்கலைன் பேட்டரி ஒன்றில், மெதுவாகச் செலவழித்தால், சுமார் 3 வாட்-மணி ஆற்றல் இருக்கும், அதாவது ஒரு வாட் வீதம் மூன்று மணி நேரம். கேம் பாயில் நான்கு, ஆக 12 வாட்-மணி. அதன் முதுகில் அச்சிட்டிருந்த மின்தேவை 0.7 வாட். வகுத்தால் 17 மணி நேரம். நின்டெண்டோ சொன்ன 15 மணி நேரத்துக்கு மிக அருகில் வந்துவிட்டோம். கேம் கியரில் ஆறு பேட்டரி, 18 வாட்-மணி. செலவு சுமார் 3 வாட். ஆறு மணி நேரம் வர வேண்டும். ஆனால் மூன்றிலிருந்து ஐந்து மணி நேரத்தில் அணைந்தது. மீதி எங்கே போயிற்று?

ஊற்றுக் கிணற்றை நினைத்துக்கொள்ளுங்கள். வாளியால் இறைத்தால் ஊறிக்கொண்டே இருக்கும். மோட்டார் வைத்து உறிஞ்சினால் சீக்கிரம் தரை தட்டும், பிறகு சற்று நேரம் விட்டால் மறுபடி கொஞ்சம் நீர் தெரியும். பேட்டரியும் அப்படித்தான். உள்ளே துத்தநாகத்துக்கும் மாங்கனீசு டைஆக்சைடுக்கும் இடையே அயனிகள் நடந்து போய்ச் சேர நேரம் வேண்டும். அவசரப்படுத்தினால் மின்னழுத்தம் விழும், அகமின்தடையில் ஆற்றல் வெப்பமாக வீணாகும். அதிகம் கேட்பவனுக்கு மொத்தமும் குறைத்தே கிடைக்கிறது. 15 மணி நேரம் விளையாட கேம் பாய்க்கு நான்கு பேட்டரி. கேம் கியருக்கு இருபதுக்கு மேல். பேட்டரிக்குப் பணம் கொடுத்தவர்கள் பெற்றோர்கள். எந்தக் கருவி மேசை இழுப்பறைக்குப் போயிருக்கும் என்று ஊகிப்பது கடினமில்லை.

லின்க்ஸைத் தாழ்த்திப் பேச எனக்கு மனமில்லை. அமிகா கணினி உருவாக்கத்தில் பங்காற்றிய ஆர்.ஜே. மைக்கேலும் டேவ் நீடிலும் வடிவமைத்தது அது. உருவங்களை நொடியில் பெரிதாக்கிச் சிறிதாக்கும் வன்பொருள், 1989இல், உள்ளங்கையில்! அருமையான பொறியியல். ஆனால் கேம் பாயை உருவாக்கிய பிரிவின் தலைவர் குன்பெய் யோகோய் வேறொரு கேள்வியிலிருந்து புறப்பட்டார். பழகி, மலிந்து, குறைகளெல்லாம் தெரிந்துபோன தொழில்நுட்பத்தை எடுத்து, அதற்கு யாரும் நினைக்காத வேலை கொடுப்பது அவர் வழி. 1980இல் கால்குலேட்டர் திரையைக் கொண்டே கேம் அண்ட் வாட்ச் விளையாட்டுகளைச் செய்திருந்தார். வண்ணத்தை விட்டுக்கொடுத்து நேரத்தை வாங்கிக்கொண்டது தெரிந்தே எடுத்த முடிவு என்றுதான் நான் அதை வாசிக்கிறேன்.

இன்று விளக்கின் பசி தணிந்துவிட்டது. எல்இடி வந்தது, லித்தியம்-அயனி பேட்டரி வந்தது. இப்போது பெருந்தீனிக்காரன் கணக்குகளைச் செய்யும் சில்லு (chip). கையடக்க கேம் கருவிகளான வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் டெக் (2022), ஏசஸ் நிறுவனத்தின் ராக் அலை (ROG Ally, 2023) இரண்டின் முதல் வடிவங்களிலும் 40 வாட்-மணி பேட்டரி, 7 அங்குலத் திரை. டெக்கின் சில்லு 15 வாட் வரை எடுக்கும். அலை 30 வாட் வரை போகும். டெக்கின் திரையில் சுமார் 10 லட்சம் புள்ளிகள், அலையில் அதைப்போல் இரு மடங்கு. கடையில் அலை பளிச்சென்று தெரிவதில் வியப்பில்லை. ஆனால் சில்லின் மின்செலவு, வேகத்தோடு நேராகவும் மின்னழுத்தத்தின் வர்க்கத்தோடும் ஏறுகிறது. வேகத்தை 20 விழுக்காடு கூட்ட அழுத்தத்தை 10 விழுக்காடு உயர்த்த நேர்ந்தால், செலவு 45 விழுக்காடு கூடிவிடும். 30 வாட் தருவது 15 வாட்டின் இரட்டிப்பு வேகம் அல்ல. 40 வாட்-மணியை முழு வேகத்தில் செலவழித்தால் ஒன்றரை மணி நேரம்கூடத் தாங்காது. மின்செருகி பக்கத்திலேயே இருக்கிற வீட்டில் விளையாடுபவருக்கு அலை நல்ல தேர்வு. ரயிலில் விளையாடுபவருக்கு நான் டெக்கைத்தான் சொல்வேன், அதிலும் வேகத்தை நொடிக்கு 40 படங்களோடு நிறுத்தி வைத்து.

2019இல் நின்டெண்டோ தன் ஸ்விட்ச் கருவியைச் சத்தமில்லாமல் மாற்றியது. அதே உடல், அதே திரையளவு, அதே 4310 மில்லிஆம்பியர்-மணி பேட்டரி, அதே விலை. உள்ளே இருந்த சில்லை 20 நானோமீட்டரிலிருந்து, மின்சாரம் குறைவாகக் குடிக்கும் 16 நானோமீட்டர் தயாரிப்பு நுட்பத்துக்கு மாற்றினார்கள். இரண்டரையிலிருந்து ஆறரை மணி நேரம் என்றிருந்த விளையாட்டு நேரம் நான்கரையிலிருந்து ஒன்பதாயிற்று. விவரம் தெரிந்தவர்கள் கடையில் பெட்டியைத் திருப்பி, மாதிரி எண்ணின் கடைசியில் அடைப்புக்குறிக்குள் ‘-01’ இருக்கிறதா என்று பார்த்து வாங்கினார்கள்.