பெயர் ஒன்று, வண்டி வேறு: குடும்ப செடானைத் தலைமுறை பார்த்து வாங்குங்கள்

நடுத்தர அளவு செடான் வாங்க நினைப்பவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி பெரும்பாலும் இதுதான்: "டொயோட்டா கேம்ரி நல்லதா, ஹோண்டா அக்கார்டு நல்லதா?" நான் பதிலுக்குக் கேட்பது, "எந்த வருஷத்து வண்டி?" கேள்வியைத் தட்டிக் கழிக்கிறேன் என்று சிலர் நினைப்பார்கள். பழைய வண்டிகளை வாங்கும் முன் பரிசோதித்துச் சொல்வதுதான் என் தொழில். வருஷம் தெரியாமல் ஒரு பெயரைப் பற்றி என்னால் உருப்படியாக எதுவும் சொல்ல முடியாது.

அக்கார்டு 1976ல் ஒரு சின்ன மூன்று கதவு ஹேட்ச்பேக்காக அறிமுகமானது. இன்று அதே பெயரில் விற்பது பதினோராம் தலைமுறை, ஐந்து பேர் தாராளமாக உட்காரும் நீளமான செடான். ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறை அடித்தளம், எஞ்சின், கியர்பாக்ஸ், சஸ்பென்ஷன், மோதலைத் தாங்கும் உடற்கூடு என எல்லாமே மாறக்கூடும். "அந்த வண்டி இருபது வருஷம் உழைக்கும்" என்று ஒரு உறவினர் சொன்னால், அவர் வைத்திருந்த தலைமுறையைப் பற்றிச் சொல்கிறார். நீங்கள் வாங்கப்போகும் வண்டிக்கும் அதற்கும் ஒரு போல்ட் கூடப் பொதுவாக இல்லாமல் இருக்கலாம்.

அமெரிக்கச் சந்தையில் 2017 வரை அக்கார்டில் 2.4 லிட்டர் சாதா எஞ்சினும் 3.5 லிட்டர் வி6 (ஆறு சிலிண்டர்) எஞ்சினும் இருந்தன. 2018 மாடலில் இரண்டும் போய், 1.5 லிட்டர், 2.0 லிட்டர் டர்போக்கள் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் எஞ்சின்கள்) வந்தன. 2023ல் அந்த 2.0 டர்போவும் போய்விட்டது. அதே சந்தையில் கேம்ரியின் இப்போதைய தலைமுறை ஹைபிரிட் (பெட்ரோல் எஞ்சினும் மின் மோட்டாரும் சேர்ந்தது) மட்டும்தான், வி6 கிடையாது. ஒரே பெயரில் பத்து வருஷத்துக்குள் இவ்வளவு மாற்றம். ஆகவே முதல் வேலை, உங்கள் பட்ஜெட்டுக்குள் வரும் வண்டிகள் எந்தெந்தத் தலைமுறையைச் சேர்ந்தவை என்று எழுதிக்கொள்வது. அதற்குப் பிறகுதான் விளம்பரங்களைப் பார்க்க வேண்டும்.

தலைமுறைக்குள்ளேயும் ஒரு கணக்கு இருக்கிறது. நடுவில் ஒரு ஃபேஸ்லிஃப்ட் வரும். பெரும்பாலும் பம்பர், விளக்கு, திரை மட்டும் மாறும், விற்பவர் அதைப் "புது மாடல்" என்பார். ஆனால் சில சமயம் கண்ணுக்குத் தெரியாத மாற்றம்தான் பெரிய மாற்றமாக இருக்கும். அமெரிக்காவின் ஐஐஹெச்எஸ் என்ற நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிறுவனம் 2012ல் ஒரு புது மோதல் சோதனையைத் தொடங்கியது. வண்டியின் முன்பக்க அகலத்தில் கால்வாசி மட்டும் ஒரு தடுப்பில் மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் மோத வேண்டும். மரத்திலோ கம்பத்திலோ ஓரமாக இடிப்பதைப் போன்றது இது. எதிர்பாராத முடிவுகள் வந்தன. அப்போதுதான் வந்திருந்த 2013 அக்கார்டு 'நன்று' வாங்கியது. 2012 கேம்ரி வாங்கியது 'மோசம்'. டொயோட்டா பிறகு உடற்கூட்டில் திருத்தம் செய்து, அதே தலைமுறையின் 2014 மாடலில் மேலான மதிப்பீட்டைப் பெற்றது. வெளியில் இருந்து பார்த்தால் இரண்டும் ஒரே வண்டிதான். பிள்ளைகளை உட்கார வைத்து ஓட்டப்போகும் ஒருவருக்கு இந்த வித்தியாசத்தை யாராவது சொல்லியாக வேண்டும் என்பதற்காகவே இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். டிரைவர் கதவைத் திறந்து தூணில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரைப் பாருங்கள். பல சந்தைகளில் தயாரிப்பு மாதமும் வருஷமும் அதில் இருக்கும். பதிவு செய்த வருஷத்தை விட அதுதான் முக்கியம்.

இன்னொன்று: ஒரு தலைமுறையின் முதல் வருஷ வண்டியைவிட மூன்றாம் வருஷத்துக்குப் பிந்தைய வண்டியையே நான் சிபாரிசு செய்வேன். முதல் வருஷத்தில் வரும் சத்தங்கள், மென்பொருள் கோளாறுகள், கசிவுகள் எல்லாம் சர்வீஸ் சென்டர்களுக்குத் தெரிந்து, தொழிற்சாலைக்குப் போய், பாகம் திருத்தப்பட்டு வர அவ்வளவு காலம் பிடிக்கும். புதிய தலைமுறை ஷோரூமுக்கு வந்த சமயத்தில் பழைய தலைமுறையின் கடைசி வருஷ வண்டி கிடைத்தால், என் கணக்கில் அதைவிட நல்ல பேரம் இல்லை.

சில தலைமுறைகளுக்கு வெளிப்படையாகப் பதிவான குறைகள் உண்டு. 2007 முதல் 2009 வரையான கேம்ரியின் 2.4 லிட்டர் எஞ்சின் ஆயில் குடிப்பதாகப் புகார்கள் வந்து, டொயோட்டா அமெரிக்காவில் உத்தரவாதத்தை நீட்டித்து பிஸ்டனும் ரிங்கும் மாற்றிக் கொடுத்தது. 2011, 2012 ஹூண்டாய் சொனாட்டாவின் எஞ்சினில், தயாரிப்பின்போது தங்கிய உலோகத் துகள்கள் ஆயில் பாதையை அடைத்து பேரிங்கைக் கெடுக்கலாம் என்று 2015ல் ரீகால் (தயாரிப்பாளரே வண்டிகளைத் திரும்ப அழைத்துச் சரிசெய்வது) வந்தது. 2017ல் அது 2013, 2014 மாடல்களுக்கும் நீண்டது. இந்த வண்டிகளை வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. அந்தப் பழுது சரிசெய்யப்பட்டதற்கான காகிதம் இருந்தால், பழுதே வராத வண்டியைவிட அது நிம்மதியாகக்கூட இருக்கலாம். காகிதம் இல்லையென்றால் விடுங்கள்.

ரீகாலில் ஒன்றை மட்டும் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள். டகாட்டா நிறுவனத்தின், ஏர்பேக்கை ஊதும் இன்ஃப்ளேட்டர்களில் இருந்த அம்மோனியம் நைட்ரேட், வருஷக்கணக்கில் வெப்பமும் ஈரமும் பட்டுக் கெட்டுப்போய், ஏர்பேக் விரியும்போது உலோகக் கூடு வெடித்து உள்ளே இருப்பவர்கள் மேல் சிதறியது. பலர் உயிரிழந்தார்கள். அமெரிக்க வரலாற்றிலேயே மிகப் பெரிய வாகன ரீகால் அது. 2001 முதல் 2012 வரையான அக்கார்டுகளும் பட்டியலில் இருந்தன. வண்டி பழையதாகப் பழையதாக அபாயம் கூடும் வகைக் குறை இது. வெப்பமும் ஈரமும் அதிகமுள்ள இடங்களில் ஓடிய வண்டிக்கு இன்னும் அதிகம். பதினேழு எழுத்து சேசிஸ் நம்பரைத் தயாரிப்பாளரின் தளத்தில் போட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும், மாற்றித் தருவதும் இலவசம். நம்பரைத் தர மறுக்கும் விற்பனையாளரோடு பேச்சை அங்கேயே நிறுத்திவிடலாம்.

அப்புறம் கியர்பாக்ஸ். எஞ்சினைப் பற்றி மணிக்கணக்கில் விசாரிப்பவர்கள் இதைக் கேட்பதே இல்லை. ஆனால் பழைய செடானில் பையைக் காலி செய்வது பெரும்பாலும் இதுதான். ஆட்டோமேட்டிக் என்ற ஒரே சொல்லுக்குள் பல வகைகள் ஒளிந்திருக்கின்றன. டார்க் கன்வெர்ட்டர் கொண்ட வழக்கமான ஆட்டோமேட்டிக், தனித்தனி கியர் இல்லாமல் பெல்ட்டில் ஓடும் சிவிடி, ஹைபிரிட்டில் வரும் 'இ-சிவிடி' என மூன்றும் மூன்று ஜாதி. டொயோட்டா ஹைபிரிட்டில் பெயர்தான் சிவிடி, உள்ளே பெல்ட் கிடையாது. கிரக கியர் தொகுப்பும் இரண்டு மோட்டார்களும்தான், அது அலட்டிக்கொள்ளாமல் உழைக்கும். பெல்ட் வகை சிவிடி அப்படியில்லை. ஆயில் மாற்றாமல் விட்டால், அதிகச் சூட்டில் ஓட்டினால், பெல்ட்டும் புல்லியும் தேய்ந்து பிறகு சரிசெய்ய வழியில்லாமல் முழு யூனிட்டையே மாற்றவேண்டி வரும்.

சோதிப்பது கடினமில்லை. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே ஆரம்பியுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டு பார்க்கிலிருந்து ரிவர்ஸ், பிறகு டிரைவ் போடுங்கள். ஒரு நொடிக்கு மேல் தாமதமோ 'டக்' என்ற அடியோ இருக்கக் கூடாது. பிறகு லேசான ஏற்றத்தில், ஆக்சிலரேட்டரை மெதுவாக மட்டும் மிதித்து, முப்பதிலிருந்து அறுபது கிலோமீட்டர் வேகம் வரை போங்கள். சிவிடியில் ரோட்டில் அடுக்குக் கோடுகள் மேல் போவதுபோல ஒரு நடுக்கம் தெரிந்தால் அதை அலட்சியம் செய்யாதீர்கள். அரை மணி நேரம் ஓடிச் சூடான பிறகு இதையே திரும்பச் செய்யுங்கள். பல கோளாறுகள் சூட்டில்தான் வெளியே வரும், இரண்டு தெருவைச் சுற்றிவிட்டு வரும் டெஸ்ட் டிரைவில் வராது. "லைஃப்டைம் ஆயில், மாற்றவே வேண்டாம்" என்று யாராவது சொன்னால், அந்த 'லைஃப்' உத்தரவாதக் காலத்தோடு முடிகிறதா என்று கேளுங்கள். சுமார் ஒரு லட்சம் கிலோமீட்டருக்குள் ஒருமுறையாவது கியர் ஆயில் மாற்றிய வண்டிக்கு நான் கூடுதல் மதிப்புப் போடுவேன்.

எஞ்சினில் தலைமுறைக்கு ஏற்பக் கேட்க வேண்டிய கேள்வி மாறும். அக்கார்டு வி6 என்றால் டைமிங் பெல்ட், அதாவது வால்வுகளைச் சரியான நேரத்தில் இயக்கும் பெல்ட். சுமார் 1,60,000 கிலோமீட்டர் அல்லது ஏழு வருஷம் என்பது ஒர்க்‌ஷாப்புகளில் வைத்திருக்கும் கணக்கு. மாற்றாமல் அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி எஞ்சின் போய்விடும். கேம்ரியின் 3.5 வி6ல் செயின், அதனால் அந்தக் கவலை இல்லை. நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் எஞ்சின்களில், இன்டேக் வால்வைப் பெட்ரோல் கழுவாததால் கரி படியும். 2018க்குப் பிந்தைய கேம்ரியின் 2.5 லிட்டர் எஞ்சினில் இரண்டு வகை இன்ஜெக்டரும் இருப்பதால் அது குறைவு. சின்ன டர்போ எஞ்சின் என்றால் ஆயில் மாற்றிய ரசீதுகள் ஒவ்வொன்றையும் கேட்டு வாங்குங்கள். குளிர் பிரதேசத்தில் குறுகிய தூரமே ஓடிய வண்டியில் ஆயிலோடு பெட்ரோல் கலக்கும். ஆயில் அளவு பார்க்கும் டிப்ஸ்டிக்கை முகர்ந்தாலே தெரியும்.

ஹைபிரிட் வாங்குபவர்கள் பேட்டரியை நினைத்து அளவுக்கு மேல் பயப்படுகிறார்கள், அதைக் குளிர்விக்கும் காற்று வழியை மறந்துவிடுகிறார்கள். பல ஹைபிரிட் செடான்களில் பின்சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு காற்றுத் துளை இருக்கும். தூசியும் செல்லப் பிராணிகளின் முடியும் அங்கே அடைத்தால் பேட்டரி சூடாகியே ஆயுளைக் குறைத்துக்கொள்ளும். மூடியைக் கழற்றிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும்.

தலைமுறையும் வருஷமும் சரி என்று ஆன பிறகுதான் கையில் இருக்கும் அந்த ஒரு வண்டி. இங்கே நான் கண்ணை விட அளவைகளை நம்புகிறேன். தொழிற்சாலைப் பெயின்ட் பெரும்பாலும் 80 முதல் 150 மைக்ரான் தடிமன் இருக்கும். ஒரு கதவில் மட்டும் 300ஐத் தாண்டினால் திரும்பப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள், ஆயிரத்தை நெருங்கினால் உள்ளே பட்டி. கதவில் டிங்கரிங் நடந்திருப்பது பெரிய விஷயமில்லை, எந்த வண்டிக்கும் நடக்கும். தூணிலோ, பானட்டுக்குள் நீளும் சேசிஸ் கம்பியிலோ, டிக்கித் தரையிலோ வெல்டிங் தெரிந்தால் மட்டும் நான் கட்டாயம் வேண்டாம் என்பேன். சீட் பெல்ட்டை முழு நீளத்துக்கும் இழுத்துப் பாருங்கள். அடிப்பகுதியில் சேற்றுக் கறை இருந்தால் வண்டி வெள்ளத்தில் நின்றிருக்கிறது. இவ்வளவு எலக்ட்ரானிக்ஸ் உள்ள வண்டியில் அதற்கு மருந்தே இல்லை.

ஓடோமீட்டரை நம்புவதற்கு முன் டயரைப் பாருங்கள். பக்கச் சுவரில் கடைசி நான்கு எண்கள் தயாரிப்பு வாரமும் வருஷமும். 3219 என்றால் 2019ம் வருஷம் 32வது வாரம். முப்பதாயிரம் கிலோமீட்டர் காட்டும் வண்டியில் நான்கு டயரும் வண்டியை விடப் பல வருஷம் புதிதாக இருந்தால் காரணம் கேட்க வேண்டும். பிரேக் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருப்பதும் அதே கதையைத்தான் சொல்லும்.

வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போடும்போது கோளாறுக் குறியீடு ஒன்றும் இல்லை என்றதும் திருப்திப்படாதீர்கள். குறியீடுகளை நேற்று அழித்திருந்தால், எஞ்சினின் சுய பரிசோதனைகள் 'முடியவில்லை' என்றே காட்டும். அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டும்படி மெக்கானிக்கிடம் கேளுங்கள். 2018க்குப் பிந்தைய வண்டிகளில் முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா இருப்பது சகஜம். தானாகப் பிரேக் போடுவதும் தடம் மாறாமல் பிடிப்பதும் அதை நம்பித்தான். கண்ணாடி மாற்றியிருந்தால், கேமராவைத் திரும்ப அளவுபடுத்திய ரசீது வேண்டும். மற்ற கண்ணாடிகளில் உள்ள முத்திரையோடு ஒப்பிட்டால் மாற்றியது தெரியும்.

புது வண்டிதான் என்று முடிவெடுத்தவர்களுக்கு என் யோசனை குறைவு. பத்து வருஷம் வைத்திருப்பீர்கள் என்றால் புதியதில் நியாயம் இருக்கிறது. மூன்று வருஷத்தில் மாற்றுபவர் மதிப்பு வேகமாக விழும் காலத்துக்கு மட்டும் பணம் கட்டுகிறார். டெஸ்ட் டிரைவுக்குக் குடும்பத்தோடு போங்கள். கூரை பின்னால் சரியும் வடிவம் இப்போதைய மோஸ்தர். உயரமான ஒருவர் பின்சீட்டில் உட்கார்ந்தால் தலை இடிக்கிறதா, குழந்தை சீட்டைக் குனியாமல் மாட்ட முடிகிறதா, நடுவில் உட்காருபவரின் கால் எங்கே போகிறது என்று பாருங்கள். 19 அங்குல வீல் அழகாக இருக்கும். ஆனால் பள்ளங்களில் அடி வாங்கும், டயர் விலையும் கூடும். சின்ன வீல் வரும் வேரியன்ட்டே குடும்பத்துக்குச் சுகம். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி இருக்கிறதா, பஞ்சர் ஒட்டும் பாட்டில் மட்டும்தானா என்பதையும் பணம் கட்டும் முன்னே பார்த்துவிடுங்கள்.

பழைய வண்டி என்றால், வாங்கிய முதல் வாரத்தில் எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக் ஆயில், ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். கியர் ஆயிலுக்கு ரசீது இல்லையென்றால் அதையும், தயாரிப்பாளர் சொல்லும் வகை பார்த்து மாற்றுங்கள். இந்தச் செலவை விலை பேசும்போதே கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். அடுத்து அதை வாங்க வருபவர் முதலில் கேட்கப்போவது அந்த நோட்டைத்தான்.