பவர் பேங்க்கைத் தராசில் வைத்துப் பாருங்கள்

முடிச்சூரிலிருந்து ஒரு வாசகி எழுதியிருந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது அவர்கள் தெருவில் மூன்று நாள் மின்சாரம் இல்லை. இடுப்பளவுத் தண்ணீர்கூடப் பெரிதாகத் தெரியவில்லையாம். இரண்டாம் நாள் காலை போன் அணைந்துபோய், வெளியூரில் இருக்கும் மகளுக்கு "நல்லா இருக்கோம்" என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் போனதுதான் அவரை உலுக்கியிருக்கிறது. எனவே இந்த மழைக்காலத்துக்கு முன்பே ஆன்லைனில் ஓர் 'அவசரகால கிட்' வாங்கிவிட்டார். 50,000 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு மின்னூட்டம் பிடிக்கும் என்பதன் அளவு) பவர் பேங்க், அதன் முதுகில் சோலார் தகடு, 1,00,000 லூமென் (வெளிச்சத்தின் அளவு) டார்ச், வெள்ளிக் காகிதம் போல ஒரு போர்வை, ஒரு விசில். எல்லாம் சேர்த்து 1,799 ரூபாய். மகன் இதையே ஏலகிரிக்குக் கேம்பிங் போகவும் எடுத்துக்கொள்ளலாம் என்கிறானாம். "இதை நம்பலாமா?" என்பது அவர் கேள்வி.

நான் ஒரே ஒரு விவரம்தான் திருப்பிக் கேட்டேன். அந்தப் பவர் பேங்க் எத்தனை கிராம்?

எடையைக் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. மலிவுப் பொருளின் அட்டைப்பெட்டியில் எதை வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். ஆனால் லித்தியம் அயனி பேட்டரியைப் பொறுத்தவரை, இத்தனை மின்னூட்டத்தைச் சேமிக்க இத்தனை கிராம் பொருள் வேண்டும் என்று அணுக்களே கணக்குப் போட்டு வைத்திருக்கின்றன. அந்தக் கணக்கில் யாரும் தள்ளுபடி கேட்க முடியாது.

பிளஸ் டூ வேதியியலில் ஃபாரடே விதி படித்தது ஞாபகம் இருக்கும். மோல் என்பது டஜன் மாதிரி, அணுக்களையும் எலெக்ட்ரான்களையும் எண்ண ஒரு பெரிய எண்ணிக்கை; கூலும் என்பது மின்னூட்டத்தின் அலகு. ஒரு மோல் எலெக்ட்ரான் என்பது 96,485 கூலும். ஒரு எம்ஏஎச் என்பது 3.6 கூலும். வகுத்தால் ஒரு மோலுக்கு ஏறக்குறைய 26,800 எம்ஏஎச். ஒரு லித்தியம் அணு தரக்கூடியது ஒரே ஒரு எலெக்ட்ரான். ஆக, 50,000 எம்ஏஎச் வேண்டுமென்றால் 1.87 மோல் லித்தியம் அங்கும் இங்கும் போய்வர வேண்டும். அணு எடை சுமார் 7. பெருக்கினால் 13 கிராம். ஒரு மேசைக்கரண்டி சர்க்கரை இருக்கும், அவ்வளவுதான்!

அப்படியானால் பவர் பேங்க் இறகு போல இருக்கலாமே? இருக்க முடியாது. அந்த 13 கிராமுக்குக் குடியிருக்க வீடு வேண்டும். ஒன்றல்ல, இரண்டு வீடு.

எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், கொஞ்சம் நின்றுவிட்டுப் போகிறேன். முதல் வீடு கிராஃபைட், அதாவது பென்சிலில் இருக்கும் அதே கரி. அப்பளக் கட்டு போல, ஓர் அணு தடிமனுள்ள கார்பன் தாள்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கும். தாளுக்கும் தாளுக்கும் நடுவே 0.335 நானோமீட்டர் இடைவெளி. சார்ஜ் ஏறும்போது லித்தியம் அயனிகள் அந்தச் சந்துக்குள் நுழைந்து உட்காருகின்றன. கார்பனோடு பெரிய வேதிவினை எதுவும் செய்வதில்லை. சத்திரத்தில் படுத்துவிட்டு விடிந்ததும் கிளம்பும் வழிப்போக்கனைப் போல வந்து தங்குகின்றன, போகின்றன. அதனால்தான் நூற்றுக்கணக்கான தடவை சார்ஜ் போட்டாலும் கட்டடம் பெரும்பாலும் அப்படியே நிற்கிறது.

ஆனால் சத்திரத்தில் நெரிசலுக்கு ஓர் எல்லை உண்டு. ஆறு கார்பன் அணுவுக்கு ஒரு லித்தியம், அதற்கு மேல் இடமில்லை. உட்காரும் விதத்திலும் ஓர் ஒழுங்கு இருக்கிறது. எல்லா மாடியிலும் சிதறி உட்காராமல், சில மாடிகளை முதலில் நிரப்பி, இடையில் சிலவற்றைக் காலியாக விடுகின்றன. பாதி சார்ஜில் ஒரு மாடி விட்டு ஒரு மாடி நிறைந்திருக்கும். முழுச் சார்ஜில் எல்லா மாடியும் நிறைந்து, கட்டடமே 10 சதவீதம் போல உப்பிவிடும். இதில் இன்னொரு வேடிக்கை, நிறம் மாறுவது. கரியாக இருந்த கிராஃபைட், லித்தியம் ஏற ஏறக் கருநீலமாகி, சிவப்பாகி, கடைசியில் தங்க நிறத்துக்கு வந்துவிடுகிறது. ரசவாதம் செய்து கரியைப் பொன்னாக்குகிறேன் என்று சொல்லி ஊரை ஏமாற்றியவர்கள் எத்தனை பேர்! உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போனுக்குள் தினமும் ராத்திரி கரி பொன்னிறமாகி, மறுநாள் மாலைக்குள் மறுபடி கரியாகிறது. மந்திரமும் கிடையாது, தட்சிணையும் கிடையாது.

சரி, எடைக்கு வருவோம். ஆறு கார்பனுக்கு ஒரு லித்தியம் என்றால், ஒரு கிராம் கிராஃபைட் அதிகபட்சம் 372 எம்ஏஎச் பிடிக்கும். 50,000-க்கு 134 கிராம் கிராஃபைட். மறுமுனையில் இருக்கும் இரண்டாவது வீடு இன்னும் கனம். லித்தியம் கோபால்ட் ஆக்சைடு என்று வைத்துக்கொண்டால், அதிலிருந்து பாதி லித்தியத்தைத்தான் பத்திரமாக வெளியே எடுக்கலாம். அதற்கு மேல் எடுத்தால் கட்டடம் ஆட்டம் காணும். நடைமுறையில் கிராமுக்கு 150 எம்ஏஎச் போலத்தான் தேறும். அது 333 கிராம். இரண்டு வீட்டுக்கே 467 கிராம் ஆகிவிட்டது. இன்னும் செம்புத் தகடு, அலுமினியத் தகடு, நடுவில் தடுப்புச் சவ்வு, மின்பகு திரவம், மேலுறை எல்லாம் பாக்கி. சந்தையில் கிடைக்கும் நல்ல செல்களே கிலோவுக்கு 250 வாட்-மணி (ஒரு வாட் வீதம் ஒரு மணி நேரம் ஓடினால் செலவாகும் ஆற்றல் ஒரு வாட்-மணி) அளவில்தான் தருகின்றன. 50,000 எம்ஏஎச்சை செல்லின் மின்னழுத்தமான 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 185 வாட்-மணி. செல் மட்டுமே முக்கால் கிலோ வரும்.

வீட்டு உபயோகத்துக்கு நான் வைத்திருக்கும் சூத்திரம் இது. பெட்டியில் போட்டிருக்கும் எம்ஏஎச்சை 50-ஆல் வகுத்தால், நேர்மையான பவர் பேங்க்கின் எடை கிராமில் கிட்டத்தட்ட வந்துவிடும். 10,000-க்கு 200 கிராம், 20,000-க்கு 400 கிராம். விலையுயர்ந்த, மிக லேசான வகைகள் இதைவிடக் குறையலாம். ஆனால் 70-ஆல் வகுத்து வரும் எடையையும் எட்டாத ஒன்றை நான் நம்புவதில்லை. சமையலறைத் தராசு இல்லையென்றால் மளிகைக் கடை போதும். எங்கள் தெரு அண்ணாச்சி கடையில் முதல்முறை நான் பவர் பேங்க்கை நிறுக்கச் சொன்னபோது, "இது கிலோ என்ன விலை தம்பி?" என்று கேட்டார். கிண்டலாகத்தான் கேட்டார். ஆனால் பேட்டரித் துறையில் உலகம் முழுக்க அடிப்படையான கேள்வி அதுவேதான், கிலோவுக்கு எவ்வளவு வாட்-மணி, எவ்வளவு விலை.

தராசையும் ஏமாற்றலாம். சில வருடங்களுக்கு முன்பு ஒரு நடைபாதைக் கடையில் வாங்கிய பவர் பேங்க் கனமாக, நம்பிக்கையாகத்தான் இருந்தது. ஒரு மாதத்தில் உயிரை விட்டது. பிரித்துப் பார்த்தால் ஒரே ஒரு செல், அதற்குப் பக்கத்தில் பசை போட்டு ஒட்டிய இரும்புத் துண்டு. ஆக, லேசாக இருந்தால் பொய் நிச்சயம், கனமாக இருந்தால் உண்மை என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அதற்கு இரண்டாவது சோதனை இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் சில நூறு ரூபாய்க்கு யூஎஸ்பி மீட்டர் கிடைக்கும். முழுச் சார்ஜ் செய்து, மீட்டர் வழியாக ஒரு யூஎஸ்பி விசிறியை ஓடவிட்டு, அது நிற்கும்வரை எத்தனை வாட்-மணி வெளியே வந்தது என்று படித்துவிடலாம்.

அப்போது ஒரு குழப்பம் வரும். நல்ல 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்கிலும் மீட்டர் 12,000, 13,000 எம்ஏஎச் என்றுதான் காட்டும். அது மோசடி இல்லை. உள்ளே செல் 3.7 வோல்ட், வெளியே யூஎஸ்பி 5 வோல்ட். மின்னழுத்தம் உயர்ந்தால் எம்ஏஎச் குறையத்தான் செய்யும், மாற்றும் சுற்றிலும் கொஞ்சம் சூடாகக் கழியும். யோக்கியமான நிறுவனங்கள் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இந்த இரண்டாவது எண்ணையும் அச்சிட்டிருப்பார்கள். கடையில் கையில் எடுத்ததும் நான் தேடுவது அந்தப் பொடி எழுத்தைத்தான். அதோடு பிஐஎஸ் (இந்தியத் தர நிர்ணய அமைப்பு) முத்திரையும், ஆர் என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண்ணும். பவர் பேங்க்குக்கு இந்தியாவில் இந்தப் பதிவு கட்டாயம். 'பிஐஎஸ் கேர்' செயலியில் எண்ணைத் தட்டினால் யார் பெயரில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். 'ராணுவத் தரம்' என்ற ஸ்டிக்கருக்கு நான் தருவது தாயத்துக்குத் தரும் மரியாதைதான். எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்கு அம்மா இன்வெர்ட்டருக்குச் சந்தனப் பொட்டு வைப்பார், அதில் எனக்குச் சண்டை இல்லை. ஏனென்றால் அன்றைக்கே பேட்டரித் தண்ணீர் அளவையும் பார்த்து ஊற்றிவிடுவார்.

இந்த 13 கிராம் லித்தியத்துக்கு வீடே கட்டாமல் வெறும் உலோகமாக வைத்தால் என்ன? எடை கணிசமாகக் குறையுமே. 1970-களில் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் ஸ்டான்லி விட்டிங்ஹாம் அப்படித்தான் செய்தார், மறுமுனைக்கு டைட்டானியம் சல்ஃபைடு வைத்து. பேட்டரி வேலை செய்தது. ஆனால் திரும்பத் திரும்ப சார்ஜ் ஏற்றும்போது லித்தியம் சமமாகப் படியாமல் ஊசி ஊசியாக வளர்ந்து, மறுமுனையைத் தொட்டுத் தீப்பிடித்தது. 1980-ல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப் கோபால்ட் ஆக்சைடைக் கொண்டுவந்தார். 1985-ல் ஜப்பானில் அகிரா யோஷினோ உலோக லித்தியத்தைத் தூக்கிவிட்டு, கார்பன் பொருளை வீடாக வைத்தார். 1991-ல் சோனி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மூவருக்கும் 2019-ல் நோபல், அப்போது குட்இனஃபுக்கு வயது 97. நாம் தூக்கிச் சுமக்கும் அந்தக் கூடுதல் கிராம்கள் தீப்பிடிக்காமல் இருப்பதற்குக் கொடுக்கும் விலை.

ஒரு சின்ன ஆதங்கம். எண்ணெய் விலை இறங்கியதும் 1980-களின் தொடக்கத்தில் எக்ஸான் அந்த ஆய்வைக் கைகழுவிவிட்டது. நம் ஊரிலோ, காரைக்குடியில் அழகப்ப செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் எழுந்தது. 1953-லிருந்து இயங்குகிறது. மின்வேதியியலுக்கென்றே ஓர் ஆய்வகம் வாசலிலேயே இருந்தும், பவர் பேங்க்குக்குள் போகும் செல்லை இன்னமும் பெரும்பாலும் இறக்குமதி செய்கிறோம். திறமைக்குப் பஞ்சம் என்று நான் நினைக்கவில்லை. ஒரு ஆய்வுக்கு இருபது வருடம் பொறுமையாகப் பணம் போடும் பழக்கம்தான் நமக்கு வரவில்லை. இது என் அபிப்பிராயம், கட்டுரைக்கு இது தேவையா என்றால் தெரியாது. எழுதிவிட்டேன்.

கிட்டில் மிச்சம் இருப்பதைச் சட்டென்று பார்த்துவிடலாம். 1,00,000 லூமென் டார்ச்: நல்ல வெள்ளை எல்இடி ஒரு வாட்டுக்கு 150 லூமென் கொடுத்தால் பெரிய விஷயம். அப்படியே வைத்தாலும் 667 வாட் வேண்டும், அது மிக்ஸி ஓட்டும் மின்சாரம். கட்டைவிரல் தடிமனுள்ள ஒரு செல்லிலிருந்து அதை எடுத்தால் ஓரிரு நிமிடத்தில் காலி, அதற்கு முன்பே கையைச் சுட்டுவிடும். இருட்டு வீட்டில் ஒரு அறைக்கு 100 லூமென் தாராளம். டார்ச் கெட்டது என்று சொல்லவில்லை, எழுதியிருக்கும் எண்ணை மறந்துவிட்டுப் பயன்படுத்துங்கள்.

சோலார் தகடு உள்ளங்கை அளவு, 100 சதுர சென்டிமீட்டர் என்று வைப்போம். உச்சி வெயிலில் அதன்மேல் விழுவதே 10 வாட். அதில் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரமானால் 2 வாட். 74 வாட்-மணி கொண்ட ஒரு 20,000 எம்ஏஎச் பவர் பேங்க்கை நிரப்ப 37 மணி நேர உச்சி வெயில் வேண்டும், அதாவது ஒரு வாரத்துக்கு மேல். புயலன்று வெயிலுக்கு எங்கே போவது? மேலும் பேட்டரியை வெயிலில் காயவைப்பது அதன் ஆயுளைக் குறைக்கும் நேர்வழி. அந்த வெள்ளிப் போர்வை பாலியெஸ்டர் படலத்தில் அலுமினியம் பூசியது. உடம்பிலிருந்து கிளம்பும் அகச்சிவப்புக் கதிரைத் திருப்பி அனுப்பும், காற்றையும் மழையையும் தடுக்கும். நனைந்து நடுங்கும் குழந்தைக்கும், ஏலகிரியின் விடிகாலைக் குளிருக்கும் உதவும். கிட்டிலேயே சொன்னதைச் செய்யும் பொருள் அதுவும் விசிலும்தான்.

வாசகியின் பதில் நேற்று வந்தது. அஞ்சல் நிலையத் தராசில் வைத்துப் பார்த்திருக்கிறார், 212 கிராம். இரும்புத் துண்டு எதுவும் இல்லை என்று நல்லெண்ணத்தோடு எடுத்துக்கொண்டால் உள்ளே இருப்பது 10,000 எம்ஏஎச் போல. உங்கள் போனில் 5,000 எம்ஏஎச் பேட்டரி என்றால் ஒன்றரைத் தடவை சார்ஜ் ஏறும், பெட்டி சொல்லும் கணக்குப்படி ஏழு தடவைக்கு மேல் ஏற வேண்டும். திருப்பி அனுப்ப இன்னும் நான்கு நாள் இருக்கிறது என்றும் எழுதியிருக்கிறீர்கள். அனுப்பிவிடுங்கள் அம்மா. 400 கிராம் கனக்கிற 20,000 ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள், மாதம் ஒருமுறை சார்ஜ் பாருங்கள், புயல் எச்சரிக்கை வந்த அன்றே நிரப்பி வையுங்கள். மூன்று நாள் தாங்கும், மகளிடம் பேசலாம். விசிலைத் தனியாக எடுத்துக்கொள்ள விடுவார்களா என்று தெரியவில்லை, கேட்டுப் பாருங்கள்.