நாக்கில் வலிக்காத கெட்டி: மேலாகக் கிள்ளி எடுத்த பயாப்சி ஏமாற்றும்

நாக்கின் மேல்புறத்திலோ ஓரத்திலோ கொண்டைக்கடலை அளவில் ஒரு கெட்டி. வலி இல்லை, புண் இல்லை, மேல்தோலும் வழவழப்பாகவே இருக்கிறது. விரலால் பிடித்துப் பார்த்தால் சதைக்குள் புதைந்திருக்கும், தனியே வழுக்கி நகராது. சிலருக்கு லேசான மஞ்சள் சாயல் தெரியும். பல்லில் கடிபட்டுக் கடிபட்டு வரும் நார்ச்சதை இப்படி இராது. அது வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். புதைந்த கெட்டி என்றால் கிரானுலர் செல் ட்யூமரையும் (குருணை செல் கட்டி) நினைத்துப் பார்க்க வேண்டும்.

அரிதான கட்டி, பெரும்பாலும் சாது. நடுவயதில், ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம் வரும். வாயில் இதற்குப் பிடித்த இடம் நாக்கு. தோல், மார்பகம், உணவுக்குழாயிலும் உண்டு. 1926இல் இதை விவரித்த ரஷ்ய மருத்துவர் அப்ரிகோசொவ் (லெனினின் பிரேதப் பரிசோதனையைச் செய்தவர்) தசையில் பிறப்பதாக நினைத்தார். நரம்பிழைகளைச் சுற்றியுள்ள ஷ்வான் செல் வகையைச் சேர்ந்தது என்பது பின்னாளில்தான் தெளிவானது. செல்லுக்குள் ரவையைக் கொட்டியது போலக் குருணை தெரியும். அதனால்தான் இந்தப் பெயர்.

ஆபத்து கட்டியில் இருப்பதைவிட, சோதனைக்காகச் சதைத் துண்டு எடுக்கும் பயாப்சியில்தான் இருக்கிறது. கட்டியை மூடியிருக்கும் மேல்தோல் பல நேரங்களில் வேர் விட்டதுபோல் விரல் விரலாகக் கீழே இறங்கும். மேலாக 1, 2 மி.மீ. மட்டும் கிள்ளி அனுப்பினால் ஸ்லைடில் அந்த விரல்கள்தான் இருக்கும். குருணை செல் ஒன்றுகூட இருக்காது. பார்க்கிறவருக்கு அது ஸ்குவாமஸ் செல் கார்சினோமா (மேல்தோல் புற்று) போலவே தோன்றும். புகையிலை போடும் பழக்கமும் சேர்ந்திருந்தால், புற்று இல்லையோ என்ற சந்தேகமே எழாது. சின்ன வெட்டோடு முடிய வேண்டியது பாதி நாக்கையும் கழுத்து நெறிக்கட்டிகளையும் எடுப்பதில் போய் நிற்கக்கூடும்.

ஆகவே சிறிய கட்டியென்றால் முழுதாகவே எடுத்துவிடுவது மேல். துண்டு மட்டும் எடுப்பதானால் தோலுக்குக் கீழே கட்டியின் சதை வரும் ஆழம் வேண்டும். மரப்பு ஊசியைக் கட்டிக்குள் போடாமல் சற்றுத் தள்ளிச் சுற்றிலும் போடுங்கள். உள்ளே போட்டால் திசு ஊதிக் குலைந்துவிடும். மாதிரியைக் காட்டரி (சூட்டால் வெட்டும் கருவி) வைத்து எடுத்தால் ஓரம் கருகி, கட்டி எல்லைவரை இருக்கிறதா என்று சொல்ல முடியாது. எடுத்த திசுவைப் போட்டு வைக்க 10 சதவீத ஃபார்மலின் வேண்டும், திசுவின் பருமனைப்போல் பத்து மடங்காவது. அவசரத்துக்கு சலைனில் (உப்பு நீரில்) போட்டு வைத்தால் திசு அழுகிப்போகும். லேப் தாளில் வெறுமனே 'நாக்குக் கட்டி' என்று எழுதுவது யாருக்கும் உதவாது. எத்தனை மாதமாக இருக்கிறது, மேல்தோல் உடையவில்லை, தொட்டால் கெட்டி என்று எழுதினால்தான் பத்தாலஜிஸ்ட் ஆழமாக வெட்டிப் பார்ப்பார், நரம்பு சார்ந்த செல்களைக் காட்டும் எஸ்-100 சாயம் கேட்பார். குருணை செல்கள் அதில் நன்றாகப் பிடிக்கும்.

இந்தக் கட்டிக்கு உறை கிடையாது. கொழுப்புக் கட்டி போலப் பிதுக்கி எடுக்க வராது. தசை இழைகளுக்குள் ஊடுருவி நிற்பதால் சுற்றிலும் கொஞ்சம் நல்ல சதையோடு எடுக்க வேண்டும். மிச்சம் விட்டால் மறுபடி வரலாம். தோலில் வந்ததை மரு என்று நினைத்து முடியால் கட்டி வைப்பவர்கள் உண்டு. கட்டி கீழே இருக்கும்போது மேலே முடியைச் சுற்றி என்ன பயன்?

சுமார் பத்தில் ஒருவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கட்டிகள் இருக்கும் என்பதால் உடம்புத் தோலையும் ஒருமுறை தடவிப் பார்ப்பது வழக்கம். புற்றாக இருப்பவை 2 சதவீதத்துக்கும் குறைவு. அதைச் சந்தேகிக்க வைப்பவை: 4 செ.மீ.க்கு மேல் போனது, வேகமாக வளர்வது, புண்ணாவது, வலிப்பது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்கக் கூடாது. அதேபோல், நாக்கில் 2 வாரம் தாண்டியும் ஆறாத புண் இந்தக் கட்டியின் கணக்கில் சேராது. அதற்கு உடனே பயாப்சி.

பிறந்த குழந்தையின் ஈறில் உருண்டையாகத் தொங்கும் கட்டியும் மைக்ராஸ்கோப்பில் இதே ரவைதான், ஆனால் எஸ்-100 பிடிக்காது. அது வேறு இனம். பால் குடிக்கத் தடையில்லையென்றால் பல சமயம் தானே சுருங்கிவிடும்.