குசினிக்கு மரத்தளமா? முதலில் கொங்கிரீட்டைப் பாருங்கள்

வெளிநாட்டிலிருந்து மகளோ தம்பியோ அனுப்பிய படத்தைப் போனில் காட்டி, "குசினியையும் ஹோலையும் ஒன்றாக்கி இப்படியே மரத்தளம் போட்டுத் தாங்க" என்று கேட்பவர்கள் இப்போது கூடிவிட்டார்கள். போடலாம். ஆனால் படத்திலுள்ள அந்த வீட்டுக்கு மார்கழி அடைமழையும் தெரியாது, வறண்ட கச்சான் காற்றும் தெரியாது.

எந்த மரம் என்ற பேச்சைப் பிறகு வைத்துக்கொள்ளலாம். வீடு எங்கே இருக்கிறது, கொங்கிரீட்டுக்கு அடியில் பொலித்தீன் விரித்தார்களா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். மட்டக்களப்பில் கல்லடி, நாவற்குடா, ஆரையம்பதி போல வாவிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள இடங்களில் மாரியில் கிணற்று நீர் நன்றாக மேலே வந்துவிடும். அந்த ஈரம் கொங்கிரீட் வழியாக ஏறும். டைல்ஸ் இருக்கும்வரை யாருக்கும் தெரியாது. மரம் போட்டால் பலகையின் அடிப்பக்கம் ஈரத்தைக் குடித்து அகலவாக்கில் விரியும். ஓரங்கள் தூக்கி நடு பள்ளமாகும். ஆடியில் கச்சான் அடிக்கும்போது அதே பலகை சுருங்கி இடைவெளி விடும். அந்த இடைவெளிக்குள் மணல், சீனி, அப்புறம் எறும்பு. 2011 ஜனவரி வெள்ளம் உள்ளே வந்த வீடென்றால் கீழ்மாடிக்கு மரமே வேண்டாம் என்பேன்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மழைக்காலத்தில் வெறும் கொங்கிரீட்டின் மேல் இரண்டடிச் சதுரப் பொலித்தீனை விரித்து, நாலு ஓரத்தையும் டேப்பால் ஒட்டி ஒரு நாள் விடுங்கள். அடியில் நீர் துளிர்த்தாலோ கொங்கிரீட் கறுத்தாலோ அங்கே மரம் ஒட்டக்கூடாது. துளி இல்லை என்பதற்காக முழுதாகக் காய்ந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. கோடையில் செய்து பார்த்துவிட்டு நிம்மதியாக இருப்பது இன்னும் மோசம். புதுக் கொங்கிரீட் என்றால் ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மாதம் காய வேண்டும் என்பது தொழிலில் உள்ள கணக்கு. மாரியில் அதுவும் போதாது.

சரி, மரம். தேக்கோ முதிரையோ, வைரம் பாய்ந்த, அதாவது முற்றிய உள்மரப் பகுதியா என்று பாருங்கள். வெளிறு, அதாவது இளசான வெளிமரம் கலந்த பலகையைத்தான் கறையான் முதலில் தேடும். லெமினேட் என்பது அழுத்திய மரத்தூளின் மேல் ஒட்டிய படம். மூட்டில் தண்ணீர் இறங்கினால் ஊதும், பிறகு பழைய நிலைக்கு வராது. பல அடுக்குப் பலகை முழுமரத்தைவிட அசைவு குறைந்தது. அதில் மேலுள்ள அசல் மரம் எத்தனை மில்லிமீற்றர் என்று கேளுங்கள்: 3, 4 இருந்தால் பின்னால் தேய்த்துப் புதுப்பிக்கலாம், 1 கூட இல்லையென்றால் முடியாது. 'வோட்டர்புரூப்' என்று விற்கும் கற்பொடி வினைல் ஊதாதுதான், ஆனால் ஓரத்தால் உள்ளே போன தண்ணீர் அடியிலேயே நின்று நாறும்.

பொங்கலுக்கோ பெருநாளுக்கோ வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றி வீடு கழுவுகிற குடும்பமா? அந்தப் பழக்கத்தை நீங்கள் விடப்போவதில்லை. மீன் வெட்டுகிற இடம், சிங்க், அடுப்பு எல்லாம் டைல்ஸிலேயே இருக்கட்டும். சாப்பாட்டு மேசையிலிருந்து ஹோல் பக்கம் மரத்தைத் தொடங்குங்கள். இரண்டின் மட்டமும் ஒன்றாக வரும்படி மேசனிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். பிறகு சொன்னால் வாசலில் கால் தடுக்கும். சுவரோரம் விடுகிற 10 மில்லிமீற்றர் இடைவெளியைச் சீமெந்தால் அடைக்காமல் பார்ப்பதும் உங்கள் வேலைதான். பலகை விரிய அது ஒன்றே வழி.

பிள்ளைகளின் காலோடு வரும் கடற்கரை மணல் பொலிஷைத் தேய்த்தே தீரும். மினுங்கும் பூச்சில் கீறல் பளிச்சென்று தெரியும், மங்கலான பூச்சில் அவ்வளவு தெரியாது.

வாங்குவதற்கு முன் கடையில் ஒரு துண்டுப் பலகை கேட்டு வாங்கி, தடிப்பை அளந்து, இரவு முழுக்க வாளித் தண்ணீரில் போட்டு, காலையில் திரும்ப அளந்து பாருங்கள்.